ஒரே மீன், நான்கு பிழைப்பு

மீன் வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், வயிற்றை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். வாயைப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பழக்கம் வந்தது பண்ணைக்குட்டை வைத்திருக்கும் உறவினர் ஒருவரால். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும்; அது நீரின் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்தில் நிற்கும். மிர்காலுக்கு வாய் சற்றே கீழே பார்க்கும். அடிச்சேறுதான் அதன் சாப்பாட்டு இலை. மூன்றையும் ஒரே குட்டையில் விட்டால் ஒன்றின் தீனிக்கு மற்றது அதிகம் போட்டிக்கு வராது. கூட்டு மீன் வளர்ப்பின் கணக்கே இதுதான். “வாயைப் பாத்தாப் போதும், எங்க மேயுதுன்னு சொல்லிடலாம்” என்பார் அவர்.

மட்டத்துக்கு ஓர் இனம் என்பது பண்ணைக்காரர் செய்த ஏற்பாடு. ஐஸ்லாந்தில் உள்ள திங்வல்லவாட்ன் என்னும் ஏரியில் இதே பங்கீட்டை ஒரே இனத்து மீன் தனக்குள்ளேயே செய்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, எங்கே மீனைப் பார்த்தாலும் உறவினரின் அந்த வாக்கியம் எனக்குள் ஓடும்.

கி.பி. 930இல் ஐஸ்லாந்தியர்கள் திறந்தவெளியில் தங்கள் நாடாளுமன்றத்தைக் கூட்டிய இடம் இந்த ஏரிக்கரைதான். வட அமெரிக்கக் கண்டத்தட்டும் யூரேசியக் கண்டத்தட்டும் விலகிச் செல்லும் பிளவில் ஏரி கிடக்கிறது. பரப்பு சுமார் 84 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடம் 114 மீட்டர். ஏரிக்கு வரும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிலத்தடி ஊற்று. மலைப்பனி உருகிய நீரும் மழையும் எரிமலைப் பாறைக்குள் இறங்கி, வடிந்து வடிந்து, மூன்று நான்கு டிகிரி குளிர்ச்சியில் கரையோரம் வெளியே வருகின்றன. அதனால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் பிளவைப் பார்க்கிறார்கள். மீனைப் பார்க்க வருகிறவர்கள் ஆய்வாளர்களும் தூண்டில்காரர்களும்தான்.

மீன் இனங்களைக் கணக்கெடுத்தால் ஏரி ஏழைதான். மொத்தம் மூன்று: பழுப்பு டிரவுட், முதுகில் மூன்று முள் கொண்ட சிறிய ஸ்டிக்கிள்பேக், சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்க்டிக் சார். கடைசியாகச் சொன்னதை ஐஸ்லாந்தில் பிளேக்கியா என்பார்கள். நன்னீரில் வாழும் மீன்களில் இதைவிட வடக்கே போனது வேறில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் நூற்றுக்கணக்கான மீன் இனங்களைக் கேட்டுப் பழகிய நமக்கு, இவ்வளவு பெரிய ஏரியில் மூன்றே மூன்றா என்று தோன்றும். காரணம் சிக்கலானதல்ல. பனியூழியில் அந்தத் தீவைப் பனிப்பாளம் மூடியிருந்தது. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாளம் விலகியபோது, சுற்றிலும் அட்லாண்டிக் கடல். உப்பு நீரைத் தாங்கக்கூடிய மீன் மட்டுமே நீந்தி வந்து ஆற்றில் ஏற முடிந்தது. இன்றைக்கும் ஐஸ்லாந்தின் இயல்பான நன்னீர் மீன்களில் சால்மன், விலாங்கு ஆகியவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

அப்படி ஏறி வந்த பிளேக்கியா, பிறகு அருவிகளால் கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு ஏரிக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கு முன்னால் இருந்தது ஆளில்லாத பெரிய வீடு. அடியில் எரிமலைக் கற்களும் அவற்றின் இடுக்குகளும், கற்களின் மேல் நத்தைகள். நடுவே திறந்த நீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் சிற்றுயிர்கள். எங்கும் ஸ்டிக்கிள்பேக் கூட்டம். இதில் எதையும் சாப்பிடுவதற்கென்றே உருவான வேறோர் இனம் வந்து சேரவில்லை. பந்தி காலியாக இருந்தது.

இன்று அந்த ஏரியில் நான்கு விதமான பிளேக்கியா இருக்கிறது. முர்த்தா என்பது திறந்த நீரில் கூட்டமாகத் திரிந்து மிதவை உயிரிகளை உண்பது. இருபது சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், வெள்ளியாய்ப் பளபளக்கும். சீலா பிளேக்கியா ஸ்டிக்கிள்பேக்கை விழுங்கி வளர்வது. அரை மீட்டருக்கும் மேல் போகும். குதுங்கா பிளேக்கியா கல்லின் மேல் ஒட்டியிருக்கும் நத்தைகளை உண்பது. கருத்த உடல், மழுங்கிய மூக்கு, கீழ்த்தாடையைத் தாண்டி முன்வந்த மேல்தாடை. குள்ள பிளேக்கியா எரிமலைக் கற்களின் இடுக்கிலேயே குடியிருந்து நத்தையையும் பூச்சிப் புழுவையும் தின்னும். உள்ளங்கையில் அடங்கும் அளவிலேயே சினை பிடித்துவிடும். இந்தப் பிரிவினை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொல்லித்தான் தெரிய வந்தது என்றில்லை. ஏரிக்கரை விவசாயிகள் நெடுங்காலமாக இவற்றை வேறு வேறு பெயரிட்டே அழைத்து வந்தார்கள். இலையுதிர் காலத்தில் முட்டையிடக் கரைக்கு வரும் முர்த்தாவை வலையில் பிடிப்பது அவர்களுடைய வருமானங்களில் ஒன்றாக இருந்தது.

நான்கு தலைகளையும் வரிசையாக வரைந்த படம் ஒன்றை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததுண்டு. நீரின் நடுவில் இரை தேடும் இரண்டுக்கும் மூக்கு கூர்மை, வாய் முகத்தின் நேர் முன்னே. அடியில் மேயும் இரண்டுக்கும் மூக்கு மழுங்கல், வாய் கீழிறங்கி இருக்கிறது. மார்புத் துடுப்பும் பெரிது, கற்களுக்கிடையே நின்று நிதானமாகத் திரும்ப அது வேண்டும். செவுள் வளைவின் உட்புறம் இருக்கும் சிறு முட்கள் முர்த்தாவுக்கு அதிகம். வாயில் வந்த மிதவை உயிரி செவுள் வழியே தப்பாமல் தடுப்பவை அவை. நத்தை தின்னும் மீனுக்கு அத்தனை நெருக்கம் தேவையில்லை. என் உறவினரிடம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் பெயர் தெரியாமலேயே நான்கையும் அதனதன் இடத்தில் வைத்திருப்பார்.

டேனிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய ஐஸ்லாந்துக்காரரான பியேதுர் யோனாசன் தலைமையில் 1970களில் இந்த ஏரியை முழுமையாக ஆராயும் வேலை தொடங்கியது. அப்போது எழுந்த கேள்வி எவருக்கும் எழக்கூடியதுதான்: சாப்பாடு உடலை மாற்றியதா, மாறிய உடலோடு பிறந்ததா? வெவ்வேறு வகைகளின் முட்டைகளை எடுத்து ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். குஞ்சிலேயே தலை வடிவம் வேறுபட்டது, அப்படியானால் பரம்பரை. ஆனால் கொடுக்கும் தீனியை மாற்றினால் தாடையின் வளர்ச்சியும் ஓரளவு மாறுகிறது, அப்படியானால் சாப்பாடும்தான். முட்டையிடும் காலமும் பிரிந்துவிட்டது. குதுங்கா பிளேக்கியா கோடையிலேயே குளிர்ந்த ஊற்றுகளின் அருகே முட்டையிடுகிறது. முர்த்தா இலையுதிர் காலம் வரை காத்திருக்கிறது. காலம் பிரிந்தால் கலப்பு குறைகிறது, கலப்பு குறைந்தால் வேற்றுமை ஆழமாகிறது. மீன் தின்னும் சீலா மட்டும் இன்னும் தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை. கொஞ்சம் பெரிதாக வளர வாய்த்த முர்த்தாக்களில் சில, மீனைத் தின்னத் தொடங்கி அப்படி ஆகின்றன என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனம் என்ற சொல்லை நாம் கோடு போட்டு மூடிவிட்ட பெட்டியாகவே பயன்படுத்துகிறோம். இங்கே பெட்டி இன்னும் தச்சுவேலையில் இருக்கிறது. பத்தாயிரம் ஆண்டு என்பது பரிணாமத்தில் நேற்று மாதிரி. பாதி பிரிந்து, பாதி பிரியாமல் நிற்கும் நிலையில் ஓர் உயிரைப் பார்க்க வட நாட்டு ஏரிகளைப் போல வசதியான இடம் குறைவு.

பாதியில் நிற்பது எளிதில் கலைந்தும் போகும். கனடாவின் வான்கூவர் தீவில் ஈனோஸ் என்று ஒரு சிறிய ஏரி. அங்கே ஸ்டிக்கிள்பேக் இரண்டாகப் பிரிந்திருந்தது: ஒன்று திறந்த நீரில் மிதவை உயிரி தின்பது, மற்றது அடியில் பூச்சி புழு தேடுவது. 1990களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த நன்னீர்ச் சிங்கிறால் அங்கே பெருகியது. அதையொட்டி ஏரியின் சூழல் குலைய, இரண்டும் கலந்து சில ஆண்டுகளிலேயே ஒன்றாகிவிட்டன. மீன் சாகவில்லை. ஏரியில் ஸ்டிக்கிள்பேக் இப்போதும் நீந்துகிறது. இரண்டு பிழைப்பு ஒன்றாகிவிட்டது, அவ்வளவே.

திங்வல்லவாட்னுக்கும் அடி விழுந்திருக்கிறது. ஏரியிலிருந்து சோக் ஆறு வெளியேறும் வாயில், பெரிய டிரவுட்டுகள் முட்டையிடும் இடமாகவும் இரை தேடும் இடமாகவும் இருந்தது. 1959இல் அங்கே மின்நிலையம் வந்தது. அந்த ராட்சத டிரவுட்டுகள் வெகுவாகக் குறைந்துபோயின. 2004இல் அப்பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் மூன்று இனம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு காவல் காக்க முடியுமா என்பது என் சந்தேகம். நாளை நத்தை அழிந்து குதுங்கா பிளேக்கியா இல்லாமல் போனாலும், கணக்கெடுப்பவர் வந்து பார்த்து, “ஆர்க்டிக் சார்: உண்டு” என்றே எழுதிக்கொண்டு போகலாம். பட்டியலில் ஒரு வரியும் குறையாது. நம் ஊர் ஏரிக்கும் குளத்துக்கும் கணக்கெடுக்க வருகிறவர்கள், மீனின் பெயரோடு அது எங்கே மேய்கிறது, என்ன தின்கிறது என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதிக்கொண்டால், ஒன்று குறையும்போதாவது குறைந்தது தெரியும்.