காயிலுக்குள் எவ்வளவு செம்பு?

வயர் வாங்கப் போகிறவர் முதலில் பழைய இரும்புக் கடையில் செம்பு விலையைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்பது கடலோரத் தொண்டியில் வீட்டு வயரிங் செய்யும் ஒருவரின் கட்சி. கேட்பவர்கள் சிரித்தால் கணக்குப் போட்டுக் காட்டுவார். லைட், ஃபேனுக்கு ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், 90 மீட்டர் காயில். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். பெருக்கினால் உள்ளே ஏறக்குறைய 1.2 கிலோ செம்பு வரும். தர விதி இடம் கொடுக்கிற மட்டும் கம்பியை மெலிதாக்கினாலும் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்காது. அந்த ஒரு கிலோவின் பழைய செம்பு விலையைவிட மலிவாகக் காயில் கிடைத்தால், உள்ளே இருப்பது செம்பாக இருக்காது, இல்லையென்றால் 90 மீட்டர் இருக்காது.

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. டைல்ஸ் பார்க்க ஊர் ஊராக அலைகிறவர்கள்கூட, வயர் என்றதும் “ஏதாவது ஒண்ணு வாங்கிப் போடுங்கண்ணே” என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் கேட்பதில்லை. வீட்டுக்காரரைக் கூடவே கடைக்கு அழைத்துப் போகிறார்.

அங்கே முதல் வேலை, முனையில் ஓர் அங்குலத்தை வெட்டிப் பார்ப்பது. வெட்டிய முகத்தில் செம்பு நட்டநடுவே இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கம் இன்சுலேஷன் மெலிந்திருக்கிறது என்று பொருள். உரித்த தோலை மடித்து நகத்தால் அழுத்துவார். மடிப்பு வெளுத்தால் பி.வி.சி.யில் சுண்ணாம்புத் தூளை அதிகம் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவார். பிறகு இழைகளை எண்ணுவார். 1.5-க்குப் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் இழை 22 இருக்கும். ஒன்றைப் பிளேடால் சுரண்டுவார். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு முலாம் போட்ட அலுமினியம். சந்தேகம் தீரவில்லையென்றால் கடைக்கு வெளியே போய் லைட்டர் தீயில் ஓர் இழையைக் காட்டுவார். அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது, தொய்ந்து அறுந்துபோகும். செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும், சிவந்து கறுப்பதோடு நின்றுவிடும்.

அடுத்தது மல்டிமீட்டர். இவ்வகை வயரின் மின்தடை 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு 13.3 ஓமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 8130. அப்படியானால் 90 மீட்டருக்கு 1.2 ஓம். தொண்டி வெயிலில் கடைக்குள்ளேயே 32 டிகிரி இருக்கும். செம்பின் தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும் என்பதால் 1.25 வரை விட்டுக்கொடுப்பார். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, அப்போது காட்டும் அளவை முதலில் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் நல்ல வயருக்கும் கெட்ட பெயர். முலாம் போட்ட அலுமினியமாக இருந்தால், அதே கனத்துச் செம்பைப் போல ஒன்றரை மடங்கு காட்டும்.

மீட்டரை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். 80 மீட்டர் மட்டுமே சுற்றிய காயில் 1.06 ஓம் காட்டும். பார்ப்பவர் ‘ரொம்ப நல்ல வயர்’ என்று வாங்கிப் போய்விடுவார். அதைக் காட்டிக்கொடுப்பது தராசு. மெலிந்த கம்பியில் தடை கூடும், எடை குறையும். நீளம் குறைந்த காயிலில் தடை, எடை இரண்டுமே குறையும். அதனால் பழகிய ஒரு காயிலின் எடையை அவர் எப்போதும் கையில் குறித்து வைத்திருப்பார்.

வயர் மேல் உள்ள எழுத்து இதற்கெல்லாம் பிறகுதான். வயருக்கான தர எண் ஐ.எஸ். 694. அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது மத்திய அரசின் 2003-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு ஆணை. சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது யாருடைய உரிமம் என்று வந்துவிடும். எண் உண்மையாகவே இருந்தாலும் செயலியில் வரும் கம்பெனி பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வழக்கம்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் பாக் நீரிணைக் காற்று. உப்பு ஈரம் பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், அதுவும் மெதுவாகத்தான். முலாம் போட்ட கம்பியில் ஸ்க்ரூ அழுத்தும் இடத்தில் முலாம் கிழிந்து, செம்பும் அலுமினியமும் உப்பீரத்தில் சேர்ந்து கிடக்கும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். இணைப்பு தளரும், சூடேறும், ஸ்விட்ச் பின்னால் பிளாஸ்டிக் கறுக்கும்.

படகில் இன்னும் கறார் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளியுள்ள விளக்குகள் 10 ஆம்பியர் இழுத்தால், போக வர 10 மீட்டர் 1.5 வயரில் 1.3 வோல்ட் வரை வழியிலேயே போய்விடும். போலி வயரென்றால் 2 வோல்ட்கூடப் போகலாம். ஆகவே படகுக்கு 4 சதுர மில்லிமீட்டர், அதுவும் வெள்ளீயம் பூசிய செம்பு கேட்பார். அங்கே சுரண்டல் சோதனையின் தீர்ப்பு தலைகீழ்: மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால்தான் சரக்கு சரி.

காயிலைப் பிரிக்கக் கடைக்காரர் சம்மதிக்காத நாட்களும் உண்டு. அப்போது ஒரே ஒரு காயிலுக்குப் பில் போடச் சொல்வார்: கம்பெனி, அளவு, நீளம் மூன்றும் எழுதி. வீட்டில் அளந்து பார்த்துத் திருப்தியானால் அதே பேட்ச் எண்ணில் மீதிக் காயில்களை எடுத்துவரச் சொல்வார். பைப்புக்குள் வயர் இழுக்கும் வேலை அதற்கு அப்புறம்தான்.