ஆண்களுக்கென்று ஒரு தையல் உண்டா?

பஞ்சடைத்த போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே அழகுக்கான துணி, நடுவே கதகதப்புக்கான பஞ்சு, கீழே உடலைத் தொடும் துணி. இம்மூன்றையும் பிணைத்து நிற்பது அவற்றின் ஊடே ஓடும் தையல். பஞ்சு ஒருபுறம் ஒதுங்கித் திரளாமல் காப்பதே அதன் முதற்பணி, அழகெல்லாம் அடுத்துத்தான். வடநாட்டார் ரஜாய் என்றும் மேனாட்டார் குயில்ட் என்றும் சொல்லும் இப்போர்வையை வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைத்துவிடலாம். துணியை வெட்டுவதும் இணைப்பதும் பெரிய காரியமல்ல. ஊடுதையலுக்கு எந்த வடிவத்தைத் தேர்வது என்பதுதான் நம்மை நெடுநேரம் யோசிக்க வைக்கும். போர்வை ஓர் ஆணுக்கு என்றால், கேட்கவே வேண்டாம்!

என் கணவர் 1996 முதல் 2022 வரை சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் பணிபுரிந்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. கூட்டிப் பார்த்தால் அந்த 26 ஆண்டுகளில் நாங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். சபுராளிகளின் இல்லங்கள் பலவற்றிலும் கணக்கு இதுதான். ஊர் திரும்பிய பின்னர், ஏசி இல்லாமல் அவருக்கு உறக்கம் வரவில்லை. ஏசி ஓடினால் போர்வை இல்லாமல் முடியவில்லை. எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரில் கனத்த கம்பளிக்கு வேலையில்லை. ஆகவே மெல்லிய பஞ்சு விரிப்பு வைத்து ஒரு போர்வை தைக்க எண்ணினேன்.

அவர் உடுத்தி நைந்த கட்டம் போட்ட கைலிகள் அலமாரியில் இருந்தன. நைந்த பகுதியை நீக்கி, நல்ல பகுதியிலிருந்து ஆறரை அங்குலச் சதுரங்கள் 140 வெட்டினேன். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, அகலத்தில் 10, நீளத்தில் 14 என இணைத்ததும் 60 அங்குலத்துக்கு 84 அங்குலம் மேல்துணி ஆயத்தமாயிற்று. அதன் பிறகுதான் வீட்டில் விவாதம் தொடங்கியது.

“வாப்பாவுக்கு நேர்கோடுதான் உம்மா பொருத்தம். பூவும் கொடியும் போட்டால் பெண்பிள்ளைப் போர்வை ஆகிவிடும்” என்றாள் மகள். அவள் மட்டுமா சொல்கிறாள்? குயில்ட் கலை வேரூன்றிய அமெரிக்காவிலும் ஆண்களுக்கு நேர்கோடு, சதுரம், அடர்நிறம் என்றும், பெண்களுக்கு மலர், இறகு, வளைவு என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மதினியோ, “ஓரத்துக்குப் பட்டுத்துணி வைத்துத் தை, எடுப்பாக இருக்கும்” என்றார். பட்டு அணிவதை மட்டுமன்றி அதன்மீது அமர்வதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆண்களுக்குத் தடுத்ததாக ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. எனவே நூலும் பருத்தி, ஓரமும் பருத்தி என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆணின் போர்வை குறித்து நம் மார்க்கம் தெளிவாகச் சொன்னது அவ்வளவே. வளைந்த கோடு கூடாதென்று எங்கே இருக்கிறது?

ஊசி பிடித்த ஆண்களைக் கேட்டால் வேறு கதை கிடைக்கும். கெய்ரோ மாநகரில் பாப் சுவைலா என்னும் பழைய கோட்டை வாயிலின் அருகே கூடாரத் தையற்காரர்களின் தெரு இருக்கிறது. அங்கே வழிவழியாக அமர்ந்து தைப்பவர்கள் ஆண்கள். வண்ணத்துணியை வெட்டிக் கனத்த துணியின்மேல் வைத்துக் கையால் தைக்கும் அவர்களின் வேலைப்பாட்டில் விண்மீன் வடிவங்களும் உண்டு. தாமரையும் சுருள்கொடியும் உண்டு. வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் ஊரில் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற தையற்காரர் 1842 முதல் 1852 வரை பத்தாண்டுகள் உழைத்து, 4,525 துண்டுகளால் ஒரு போர்வை செய்தார். அது இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் செல்வானேன்? நம் கடற்கரை ஊர்களின் பழைய கல்பள்ளிகளில் தூண்களைப் பாருங்கள். உளியேந்திய கைகள் அவற்றில் பூவையும் கொடியையும்தான் செதுக்கியிருக்கின்றன. ஆக, வளைவுக்கும் ஆண்மைக்கும் பகையில்லை.

எனினும் இந்த நியாயங்களால் ஒரு போர்வையைத் தைத்துவிட முடியாது. போர்த்திக்கொள்பவர் ஆண்வர்க்கம் அல்லர். ஒரே ஒரு மனிதர். அவருக்கு எது பிடிக்கும்? எத்தனையோ கடிதங்களும் தொலைபேசி உரையாடல்களும் கடந்த பின்பும் இக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அவரையே கேட்டேன். “உனக்கு எது விருப்பமோ அதையே தை” என்றார். சற்றுப் பொறுத்து, “அங்கே அறைக்கு ஆறு பேர். கொடுத்த கம்பளியைப் போர்த்தினோம். பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் யோசிக்கத் தோன்றியதில்லை” என்றார். அச்சொற்கள் எனக்குள் நெடுநேரம் நின்றன. விருப்பத்தைச் சொல்லும் பழக்கமே ஒரு மனிதரிடமிருந்து கழன்று போயிருந்தது.

எனவே கேள்வியைக் கைக்கு மாற்றினேன். மீதமிருந்த துணியையும் பஞ்சையும் கொண்டு ஓரடிச் சதுரத்தில் மூன்று மாதிரிகள் தைத்தேன். முதலாவதில் அரை அங்குல இடைவெளியில் நேர்கோடுகள். இரண்டாவதில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் சாய்ந்த கோடுகள். மூன்றாவதில் மூன்று அங்குல இடைவெளியில் மெல்ல வளைந்து செல்லும் அலைகள். மூன்றையும் அவரது கட்டிலில் போட்டுவைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் சென்றது. மூன்றாம் இரவு, அலை போட்ட துண்டு அவரது முழங்காலின்மேல் இருந்தது. “இதுதான் இதமாகப் படிகிறது. மற்றவை அட்டைபோல் விறைக்கின்றன” என்றார். அவர் சொன்னதில் தையற்கலையின் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தையல் நெருங்க நெருங்கப் போர்வை விறைக்கும். விலக விலக இளகி உடலோடு படியும். ஆயினும் விருப்பம்போல் விலக்கிவிடவும் கூடாது. தையல்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையில் குறிக்கப்பட்டிருக்கும்; அதனை மீறினால் சலவையில் பஞ்சு திரளும்.

அலைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கட்டம் போட்ட துணியின்மேல் நேர்கோடு ஓட்டினால், நூலிழை அளவு விலகினாலும் துணியின் கட்டமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அலையோ கையின் சிறு நடுக்கத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பல வண்ணங்கள் கலந்த துணிக்குச் சாம்பல் நிற நூல் எங்கும் உறுத்தாது. ஐயமிருந்தால், தெளிந்த பிளாஸ்டிக் தாளில் வடிவத்தை வரைந்து போர்வையின்மேல் விரித்துப் பாருங்கள். ஊசி குத்தாமலே தோற்றம் தெரிந்துவிடும். மை துணியில் படாதிருக்கத் தாளின் விளிம்பில் நாடா ஒட்டிக்கொள்வது நலம்.

மூன்று அடுக்குகளையும் கையகல இடைவெளியில் ஊக்குகளால் பிணைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தேன். ‘வாக்கிங் ஃபுட்’ என்னும் பாதத்தைப் பொருத்தினால் மேல்துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகரும், சுருக்கம் விழாது. ஆனால் வீட்டு இயந்திரத்தில் ஊசிக்கும் தூணுக்கும் இடையே உள்ள இடம் சிறிது. அதற்குள் போர்வையைச் சுருட்டி நுழைக்க வேண்டும். மேசைக்கு வெளியே தொங்கும் பாரம் துணியை இழுத்தால் தையல் கோணும். அந்தப் பாரத்தைத் தாங்க ஒருவர் வேண்டும். அழைக்காமலே அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே அமர்ந்தார்.

எட்டு இரவுகள், இஷாவுக்குப் பின் ஒரு மணிநேரம். அவர் போர்வையை மடியில் ஏந்தி, நான் நகர்த்தும் திசைக்கு விட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு கைலி வரும்போதும் ஒரு செய்தி வந்தது. இது இன்ன பெருநாளில் உடுத்தியது. இது தம் வாப்பா மௌத்தான தகவல் வந்த இரவில் உடுத்தியிருந்தது. அந்த இரவைப் பற்றி அதுவரை அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் இயந்திரத்தை நிறுத்தினேன். அவர் சொல்லி முடித்த பின்னர், “ம், ஓட்டு” என்றார்.

சகோதரிகளே! உங்கள் வாப்பாவுக்கோ, கணவருக்கோ, மகனுக்கோ ஒரு போர்வை தைக்க நினைத்தால், ஆண்களுக்கு எது பொருந்தும் என்று புத்தகத்தைப் புரட்டுமுன் மூன்று சிறு துண்டுகளைத் தைத்து அவர்களின் கையில் கொடுங்கள். விடை வர நாளாகலாம், பொறுத்திருங்கள். பாரம் தாங்க அழையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மகனுக்கான சதுரங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவனும் சபுரில்தான் இருக்கிறான். இன்ஷா அல்லாஹ், அவன் விடுப்பில் வரும்போது மூன்று மாதிரிகள் கட்டிலில் இருக்கும்.