கச்சேரி கேட்டவர்கள்

கச்சேரிக்குப் போய் வந்தவரிடம் மறுநாள் காலையில் விசாரித்தால், என்ன பாடினார்கள், எப்படிப் பாடினார்கள் என்று சொல்லுவார். முப்பது வருஷம் கழித்து அவரிடமே விசாரித்துப் பாருங்கள். அன்றைக்கு மழை பெய்தது, கடைசி ரயில் தவறிவிட்டது, பக்கத்தில் நின்றவனுடைய சட்டை கிழிந்தது என்றுதான் பேச்சு வரும். பாட்டு என்னவாயிற்று என்று நாமாகக் கேட்டால், "பாட்டா? அது நன்றாகத்தான் இருந்தது" என்பார்.

நான் இதைப் பலரிடம் கவனித்திருக்கிறேன். ஆனால் ஒரே மேஜையைச் சுற்றி, ஒரே சாயங்காலத்தில், ஏழெட்டுப் பேர் இப்படிப் பேசிக் கேட்கும் சந்தர்ப்பம் லண்டனில்தான் வாய்த்தது. 2023-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி. நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்கு லண்டனிலேயே பிறந்தவர். அன்று மத்தியானம் கறுப்புக் கோட்டு அணிந்துகொண்டு, "ஓர் இழவுக்குப் போகிறேன், வருகிறீர்களா?" என்றார். போனால், அது ஒரு மதுக்கூடம்! சுவரில் தொலைக்காட்சிப் பெட்டி. அயர்லாந்தில் நீனா என்ற சிற்றூரில் மாதா கோவில் ஒன்றில் நடந்துகொண்டிருந்த சவச் சடங்கை அதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் ஆரஞ்சு ரசத்தை வைத்துவிட்டு, மற்றவர்கள் தங்கள் கோப்பைகளோடு உட்கார்ந்தார்கள்.

இறந்தவர் ஷேன் மக்கோவன். 'போக்ஸ்' என்ற வாத்தியக் கோஷ்டியின் பாடகர். அதன் பாட்டுக்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. அந்தக் கோஷ்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் நாட்டுப்புற மெட்டுக்களையும், 1976-ஐ ஒட்டி லண்டனில் கிளம்பிய 'பங்க்' என்ற முரட்டு இசையையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தவர்கள் அவர்கள். பாஞ்சோ, அக்கார்டியன், தகரத்தில் செய்த சின்னஞ்சிறு குழல், இவற்றோடு டிரம்மும் கிட்டாரும். 1982-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஒரு மதுக்கூடத்தில் முதல் கச்சேரி. முதலில் வைத்துக்கொண்ட பெயர் 'போக் மஹோன்'. அது ஐரிஷ் பாஷையில் ஒரு வசவு. அர்த்தத்தை மரியாதைப்பட்ட குடும்பங்கள் படிக்கும் புத்தகத்தில் அச்சிட முடியாது. ஐரிஷ் தெரியாத லண்டன்வாசிகள் ரொம்ப நாள் அதைச் சாதாரணமாக உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பி.பி.சி.க்கு ஒருவழியாக விஷயம் தெரிந்த பிறகு, 1984-ல் பெயர் குட்டையாயிற்று. குழல் வாசித்த ஸ்பைடர் ஸ்டேஸி, சில பாட்டுக்களுக்கு ஒரு தகரத் தட்டை எடுத்துத் தம் தலையிலேயே படார் படாரென்று அடித்துத் தாளம் போடுவார். தாளம் தப்பினால் வலிக்கும் அல்லவா? தப்பாவிட்டாலும் வலித்திருக்கும்!

எனக்கு அந்தச் சங்கீதம் பிடித்ததா என்று கேட்பீர்கள். குரல் சிராய்த்துப்போன குரல். சுருதி என்பது அவருக்கு ஒரு சௌகரியம், கட்டாயமில்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அவர் எழுத்தைக் கண்டு எனக்குப் பொறாமை உண்டு. 1985-ல் வந்த 'ஒரு ஜோடிப் பழுப்புக் கண்கள்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாலிபன் ஒருவன் மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கிழவர் ஒருவர் யுத்தத்தில் தாம் கண்ட கோரங்களையும், தம்மை எதிர்பார்த்துக் காத்திராமல் போய்விட்ட கண்களையும் பற்றிச் சொல்கிறார். விஷயம் அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. நான் அதை எழுதியிருந்தால் இருபது பக்கம் ஆகியிருக்கும். கிழவரின் ஊர், பேர், பென்ஷன் எல்லாம் வந்திருக்கும். சிறு வயதில் இலக்கியத் திறமைக்காக உபகாரச் சம்பளம் பெற்று வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தவர் அவர். பிறகு அங்கிருந்து வெளியேற்றப்பட்டார் என்பதும் சேர்ந்தே சொல்லவேண்டிய செய்தி.

மேஜையைச் சுற்றிப் பேச்சு ஆரம்பமாயிற்று. கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த தச்சர் ஒருவர் முதலில் பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் பாரோலண்ட் என்று ஒரு நடன மண்டபம். அதன் மரத்தளம் நடனத்துக்கென்று துள்ளும்படியாக அமைக்கப்பட்டது. ஜனங்கள் ஒன்றாகக் குதித்தால் தளமும் சேர்ந்து எழும்பும். "நான் தச்சன், எனக்குத் தெரியும், மரம் மூச்சு விட்டது" என்றார் அவர். அந்த மூச்சில் அவருடைய இடதுகால் பூட்ஸ் கழன்று கூட்டத்துக்குள் போய்விட்டது. டிசம்பர் மாதம், வெளியே உறைபனி. ஒற்றைக் கால் பூட்ஸோடு மூன்று மைல் நடந்து வீடு போய்ச் சேர்ந்தாராம். "என்ன பாட்டுக்குக் கழன்றது?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். பாட்டு ஞாபகமில்லை. பூட்ஸின் விலை ஞாபகமிருந்தது.

இன்னொருவர் 2001-க்குப் பிறகு கோஷ்டி மறுபடியும் கூடி வருஷா வருஷம் நடத்திய கிறிஸ்துமஸ் கச்சேரிகளைப் பற்றிச் சொன்னார். 1987-ல் வெளிவந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்ற 'நியூயார்க் தேவதைக் கதை' என்ற பாட்டு அவர்களுடைய எல்லாப் பாட்டிலும் பிரசித்தமானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு போலீஸ் காவலில் கிடக்கும் குடிகாரன் ஒருவனும், அவனோடு வாழ்வைத் தொலைத்த ஒருத்தியும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் பாட்டு. அந்த ஒருத்தியாகப் பாடிய கர்ஸ்டி மக்கால், 2000-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி மெக்ஸிகோ கடலில், பாய்ந்து வந்த மோட்டார்ப் படகின் பாதையிலிருந்து தம் மகனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு அடிபட்டு இறந்துபோனார். பின்னால் நடந்த கச்சேரிகளில் பாஞ்சோக்காரரின் மகள் அவர் இடத்தில் நின்று பாடினாள். "அந்தப் பெண் வாயைத் திறக்கும் வரை ஐயாயிரம் பேரும் மூச்சு விடவில்லை" என்றார். ஐயாயிரம் பேரும் மூச்சு விடாததை இவர் எப்படிக் கண்டார் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த ஓர் அம்மாள் அப்போது வாயைத் திறந்தார். மேயோ ஜில்லாவிலிருந்து பதினெட்டு வயதில் நர்ஸ் வேலைக்கு லண்டன் வந்தவர்.

"நான் கடைசியாகப் போனது 1990-ல். அன்றைக்கு அவருக்கு வரிகள் மறந்துவிட்டன. நாங்கள் பாடினோம், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற ஒரு பையன் பாட்டிலை நீட்டினான். அவர் வாங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி. வார்டில் எட்டாம் நம்பர்க் கட்டிலில், ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாய்ப்போன ஒருவர். முப்பத்தைந்து வயது. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, நேற்றுத் தட்டிய கை இதுதானே என்று தோன்றிற்று. அப்புறம் நான் போகவில்லை."

மேஜையில் மௌனம். தச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் வாயில் யாரும் ஊற்றவில்லை. அவர் இஷ்டம் அது. சந்தோஷமாக இருந்தார், நம்மையும் சந்தோஷப்படுத்தினார்."

"சந்தோஷமாக இருந்தார் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்றார் அந்த அம்மாள்.

வாக்குவாதம் கொஞ்சம் முற்றியது. 1991-ல் ஜப்பான் யாத்திரையின் நடுவில் கோஷ்டிக்காரர்களே அவரை விலக்கவேண்டி வந்ததை ஒருவர் எடுத்துச் சொன்னார். அவர் அறுபத்தைந்து வயது வரை இருந்தாரே, டாக்டர்கள் எல்லாரும் தோற்றார்களே என்று மற்றொருவர். நான் அந்நியன்; ஆனாலும் என் மனசு அந்த அம்மாள் பக்கமே சாய்ந்தது. எழுத்தாளன் பட்டினி கிடந்தால்தான் எழுத்து நன்றாக இருக்கும் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுகிற ரசிகர்களை நான் பார்த்திருக்கிறேன். பாடகன் குடித்தே ஆகவேண்டும் என்பவர்களும் அந்த ஜாதியைச் சேர்ந்தவர்களே. டிக்கெட் வாங்கிவிட்டால் பாட்டு மட்டும் போதாது, ஆளே எரியவேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த ஆள் எழுதிய பாட்டுக்களில் குடியின் கொண்டாட்டமும் உண்டு, அதன் நரகமும் உண்டு. கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. "என் அப்பாவும் இதைத்தான் சொன்னார்" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

அவருடைய அப்பா ரோடு வேலை, கட்டட வேலை என்று முப்பது வருஷம் லண்டனில் மண் வெட்டியவர். 1974 நவம்பரில் பர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து இருபத்தொரு பேர் மாண்டார்கள். அதன்பின் அந்த மனிதர் பஸ்ஸிலும் கடையிலும் பேசுவதையே விட்டுவிட்டாராம். வாயைத் திறந்தால் ஐரிஷ் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். காசை நீட்டுவார், விரலைக் காட்டுவார், அவ்வளவுதான். அந்தக் குற்றத்துக்காக ஆறு ஐரிஷ்காரர்களைப் பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்ல என்று தீர்ப்பாகி வெளியே வர 1991 ஆயிற்று. போக்ஸ் கோஷ்டி அந்த ஆறு பேரைப் பற்றி 1988-லேயே பாட்டுப் பாடியது. அதை ஒலிபரப்பக்கூடாது என்று அதே வருஷத்தில் தடையும் வந்தது.

"அப்பாவுக்கு அவர்களைப் பிடிக்காது. 'ஐரிஷ்காரன் என்றால் குடிகாரன் என்று ஊரார் சிரிக்கிறார்கள். அதை இவன்கள் மேடை போட்டு நிரூபிக்கிறான்கள்' என்பார். நானோ லண்டனில் பிறந்தவன். இங்கே நான் அயர்லாந்துக்காரன், அங்கே போனால் இங்கிலீஷ்காரன். எனக்கென்று யாராவது பாடினார்கள் என்றால் அவர்கள்தான். எங்களுக்குள் அதனால் ஒரு வருஷம் பேச்சே இல்லை."

பேச்சு வந்ததற்குக் காரணம் 'டப்ளினர்ஸ்' என்ற பழைய கோஷ்டி. நாட்டுப் பாடலில் பெரிய கை. அப்பாவுக்கு அவர்கள் என்றால் உயிர். 1987-ல் அவர்கள் போக்ஸோடு சேர்ந்து ஒரு பழைய பாட்டைப் பாடி, தொலைக்காட்சியிலும் வந்தார்கள். நரைத்த தாடிக்காரர்களுக்கு நடுவில் பல் போன அந்தப் பையன் நிற்பதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தாராம். நல்லது பொல்லாதது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மார்ச்சில், "உன் ஆட்கள் எப்போது பாடுகிறார்கள்?" என்று கேட்டார்.

1988 மார்ச் 17, செயின்ட் பாட்ரிக் திருநாள். கென்டிஷ் டவுனில் கச்சேரி. அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் என்பதை அந்த மேஜையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, உங்களுக்காகச் சொல்லுகிறேன். 6-ந் தேதி ஜிப்ரால்டரில் ஐ.ஆர்.ஏ.யைச் சேர்ந்த மூவரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 16-ந் தேதி பெல்பாஸ்டில் அவர்களைப் புதைக்கிற இடத்தில் ஒருவன் குண்டு வீசிச் சுட்டதில் மேலும் மூன்று பேர் செத்தார்கள். மறுநாள்தான் இவர்கள் கச்சேரிக்குப் புறப்பட்டார்கள்.

"அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சூட் போட்டுக்கொண்டு வந்தார். மேல்கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பின்சுவரோடு ஒட்டி நின்றார். எல்லாரும் குதித்தார்கள், அவர் அசையவில்லை. பிலிப் செவ்ரான் எழுதிய கப்பல் பாட்டு வந்தது, அமெரிக்காவுக்குப் போனவர்களைப் பற்றியது. என் பெரியப்பா 1950-களில் பாஸ்டனுக்குப் போனவர். கடிதம் வரும், அவர் வரவில்லை. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றிற்று. கோட்டைப் பார்த்தேன். மடித்து வைத்திருந்த கோட்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்."

தொலைக்காட்சியில் அந்த நேரம் மாதா கோவிலுக்குள் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைத் தொடங்கினார்கள். சவப்பெட்டிக்கு அருகிலேயே சிலர் எழுந்து ஜோடி சேர்ந்து ஆடினார்கள். மதுக்கூடத்தில் பலர் எழுந்து நின்றார்கள். நர்ஸ் அம்மாளும் எழுந்தார்; ஆடவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தச்சர் அவர் தோளில் ஒரு கையை வைத்தார். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு, "அப்புறம்?" என்றேன், வீட்டுக்காரரிடம்.

"அப்புறம் ஒன்றுமில்லை. பஸ் ஏறினோம். கூட்டமான பஸ். எதிரில் இருந்தவர் கையில் மாலைப் பத்திரிகை, முதல் பக்கத்தில் பெல்பாஸ்ட். கண்டக்டர் வந்தார். நான் சில்லறையை எடுத்துக்கொண்டிருந்தேன், வழக்கமாக நான்தான் பேசுவேன். அப்பா முந்திக்கொண்டு, 'கிரிக்கிள்வுட்டுக்கு இரண்டு, தயவுசெய்து' என்றார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. அவர் கிராமத்தில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே, ஓர் எழுத்துக் குறையாமல்."

"யாராவது ஏதாவது சொன்னார்களா?"

"திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் ஜமெய்க்காக்காரர். இரண்டு டிக்கெட் கொடுத்தார்."

"கச்சேரி அவருக்குப் பிடித்திருந்ததா?"

"அதை நானும் கேட்டேன்" என்றார் வீட்டுக்காரர். "சத்தம் ஜாஸ்தி என்றார்."