கேட்டுப் போட்ட நகை

"எத்தனை பவுன்? எந்தக் கடை? செய்கூலி, சேதாரம் எவ்வளவு போட்டான்?"

நகை என்றதும் நம் வாயில் வருகிற கேள்விகள் இந்த மூன்றுதான். அறுபது வயது வரைக்கும் நானும் வேறு எதுவும் கேட்டதில்லை. 2019-ம் வருஷம் மார்ச் மாதம், ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தில், குளிருக்குப் பயந்து ஒரு காலிக் கடைக்குள் ஒதுங்கிய பிறகுதான், நாலாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

என் மகளுக்கு அந்த ஊரில் வேலை. என் வீட்டுக்காரர் தவறி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. "தனியா உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காதேம்மா. ரெண்டு மாசம் என்கூட வந்து இரு" என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். நானும் புறப்பட்டுப் போய்விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். காய்கறி வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் மகளுடைய பழைய கோட்டு. அப்படியும் பல் கிடுகிடுவென்று அடித்தது. போகும்போது பூட்டிக் கிடந்த ஒரு கடையில் இப்போது விளக்கு எரிந்தது. நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தள்ளுபடி விற்பனையாக்கும் என்று எட்டிப் பார்த்தேன்.

உள்ளே அலமாரி இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. கூரையிலிருந்து மெல்லிய நூல்களில் கழுத்தணிகள் தொங்கின. ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில், ஒன்று குழந்தையின் கழுத்து மட்டத்தில். நாம் போய் அதற்கு அடியில் கழுத்தைக் கொண்டு நிற்க வேண்டியது; எதிரே ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்! கழுத்தணிகளும் பொன்னோ வெள்ளியோ இல்லை. ஒன்று காகிதக் கூழ், ஒன்று உடைந்த பீங்கான் தட்டு, ஒன்று வீட்டுச் சாவிகள்.

"என்னடி இது, காயலான் கடையா?" என்றேன் மெதுவாக.

மகள் சிரித்துவிட்டு விவரம் சொன்னாள். இந்த ஊரில் 1808-ல் ஆரம்பித்த கலைக் கல்லூரி ஒன்று இருக்கிறதாம். அங்கே ஓவியம், சிற்பம் மாதிரியே நகையையும் ஒரு கலையாகப் படிக்கலாமாம். 1959-லிருந்து ஊரில் கைத்தொழில் கண்காட்சியோடு சேர்த்து நகைக் கண்காட்சி ஒன்றும் நடத்துகிறார்களாம். அந்த நாட்களில் ஹாலந்து, ஸ்வீடன், இங்கிலாந்து என்று பல தேசத்துக் கலைக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து குவிந்துவிடுகிறார்கள். காலிக் கடை, நிலவறை, சிநேகிதர் வீட்டுக் கூடம் என்று கிடைத்த இடத்தை நாலு நாளைக்கு வாடகைக்குப் பிடித்து, தாங்கள் செய்ததை ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள். இந்தக் கடையை ஐந்து பிள்ளைகள் சேர்ந்து எடுத்திருந்தார்கள்.

நான் தபால் ஆபீசில் 31 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து ரிடையர் ஆனவள். ஜனங்களுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு கம்பி வலை. பதில் சொல்லும் பக்கம் நான், கேட்கும் பக்கம் அவர்கள். அதனால்தானோ என்னவோ, அந்தப் பிள்ளைகள் வலையில்லாமல் ஜனங்களோடு ஜனங்களாக நின்றதுதான் என் கண்ணில் முதலில் பட்டது.

எல்லாரும் ஒரே மாதிரி சாமர்த்தியசாலிகள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பையன் விரலில் முள் வைத்த மோதிரம் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் டீ கொடுத்தான். கோப்பையைப் பிடிக்க முடியாமல் அவன் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்தோம். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. இன்னொருவன் ஒரு தாளை வைத்துக்கொண்டு தன் நகைக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே போனான். மூன்றாவது நிமிஷம் அவன் எதிரே ஆளே இல்லை, பாவம்!

கூட்டம் நின்ற இடம் ஒரே ஒரு பெண்ணின் எதிரில்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். சுவரில் ஆணியடித்து ஏழெட்டுப் பழைய கோட்டுகளை மாட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ப்ரூச். பஞ்சரான சைக்கிள் ட்யூபை இதழ் இதழாக வெட்டி அடுக்கி, நடுவில் ட்யூபின் வால்வையே மொட்டு மாதிரி வைத்திருந்தாள். பஞ்சர் ஒட்டிய இடம்கூட மறைக்காமல் தெரிந்தது. வருகிறவர்கள் பிடித்த கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம். யார் என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்ல வேண்டும். அதுதான் அவளுடைய கண்காட்சி!

எங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பாட்டியம்மாள், "இதுவா நகை? இதை என் பேரனே பண்ணுவான்" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்பாடா, என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கள் பேரன் பண்ணிக் கொடுத்தால் போட்டுக்கொள்வீர்களா?" என்று கேட்டாளாம்.

பாட்டி யோசித்தாள். "போட்டுப்பேன். அவன் பண்ணினது ஆச்சே."

"அப்படியானால் அது நகைதானே?"

பாட்டி சிரித்தபடியே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்! மகள் ஒவ்வொன்றாக எனக்கு மொழிபெயர்த்தாள்.

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் ஏற்கெனவே கோட்டுப் போட்டிருந்ததால் ஒரு ப்ரூச்சை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். எனக்கு என்ன ஆயிற்றோ, சட்டென்று இரண்டடி பின்னால் போய், "வேண்டாம், வேண்டாம்" என்று கையால் மார்பை மறைத்துக்கொண்டேன். மகளே திகைத்துப் போனாள்.

அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். "மன்னியுங்கள். முதலில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னாள். ப்ரூச்சை என் உள்ளங்கையில் வைத்து, "இதைக் குத்திக்கொள்ளலாமா, கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை" என்றாள்.

உட்கார ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். ரப்பர் உள்ளங்கையில் மெத்தென்று இருந்தது. அதை நான் தடவிப் பார்ப்பதைக் கண்டு, ஒரு புத்தகத்தை எடுத்து வந்து ஒரு படம் காட்டினாள். வெறும் கறுப்பு ரப்பர் வளையல். ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. ஓட்டோ க்யூன்ஸ்லி என்ற கலைஞர் 1980-ல் செய்ததாம். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த அவர் ம்யூனிக் கல்லூரியில் 1991 முதல் 2014 வரை நகைக் கலைக்குப் பேராசிரியராக இருந்தாராம். அந்த ரப்பருக்குள்ளே ஒரு தங்க உருண்டை இருக்கிறதாம். வெட்டினால்தான் தங்கம் தெரியும். வெட்டிவிட்டால் வளையல் போச்சு! அதற்கு அவர் வைத்த பெயர், 'தங்கம் கண்ணை மறைக்கும்.' லாக்கரில் நகையை வைத்துப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போகிற நமக்கு இது புரியாதா என்ன?

அடுத்த படம் ஒரு சங்கிலி. அதே மனிதர் 1985-86-ல் செய்தது. யார் யாரோ போட்டுப் பழசான 48 கல்யாண மோதிரங்கள், ஒன்றோடு ஒன்று கோத்தபடி. என் வயிற்றைப் பிசைந்தது.

"இதை யாராவது கழுத்தில் போடுவார்களா?" என்றேன்.

"ஏன், போடக் கூடாதா?" என்றாள் அவள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒவ்வொரு மோதிரமும் யார் கையிலிருந்து எப்படிக் கழன்றதோ!"

அந்த ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து மற்றதும் வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி, வீட்டுக் கொல்லைப்புறத்தில், நாலு பெரிய மனுஷிகள் சேர்ந்து என் கழுத்துக்கொடியைக் கழற்றினார்கள். வளையலைக் கழற்றினார்கள். கவனியுங்கள், கழற்றினார்கள், நான் கழற்றவில்லை. முப்பத்தைந்து வருஷம் முன்னால் போட்டபோதும் என்னைக் கேட்கவில்லை, கழற்றியபோதும் கேட்கவில்லை. தோட்டை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்தார்கள். அவர்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குச் செய்ததை எனக்குச் செய்தார்கள். ஆனால் அன்றிலிருந்து என் உடம்பில் யாராவது எதையாவது வைக்க வந்தால் கை தானாக மறைக்கப் போகிறது.

இதை இங்கிலீஷில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லி முடித்தபோது, மொழிபெயர்ப்பதை மகள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். "அன்னைக்கு நானும் உள் ரூம்லதானேம்மா இருந்தேன்? ஒரு வார்த்தை கேட்கலையே நான்..." என்றாள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள்.

ப்ரூச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பினகோதேக் டேர் மாடர்னே என்ற மியூசியத்துக்கு மகள் அழைத்துப் போனாள். ஞாயிறன்று நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு யூரோ. அங்கே இந்த மாதிரி நகைகளுக்கென்றே 2004-லிருந்து தனி இடம் இருக்கிறது. பெரிய பெரிய கலைஞர்களின் வேலைப்பாடு. ஆனால் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பத்திரமாக வைக்க வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடிக்குள் இருந்த நகை என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் காலிக் கடைப் பிள்ளைகள் செய்த காரியம் என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகையைச் செய்வதோடு அவர்கள் வேலை முடியவில்லை. ஓர் ஆள் வந்து, பார்த்து, சிரித்து, முகம் சுளித்து, கடைசியில் தானாகப் போட்டுக்கொண்டால்தான் முடிகிறது. அதற்காகத்தான் பூட்டு இல்லாமல், கம்பி வலை இல்லாமல், நம் எதிரிலேயே நிற்கிறார்கள். அர்த்தம் சொன்னவனிடம் ஜனங்கள் நிற்கவில்லை. கேள்வி கேட்டவளிடம் நின்றார்கள்.

"கடை இன்னிக்குத்தான் கடைசி நாள் இல்லே?" என்று மகளைக் கேட்டேன்.

போனபோது அவர்கள் நூல்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்து, அதே ப்ரூச்சை எடுத்து என் கையில் வைத்தாள். கிட்டே வரவில்லை. நானே கண்ணாடி முன்னால் நின்று குத்திக்கொண்டேன். முதல் தடவை கோணலாகப் போயிற்று. கழற்றி மறுபடி குத்தினேன். அப்புறம் தெருக்கோடி வரை தனியாக நடந்து போய்த் திரும்பி வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் நின்று பார்த்துவிட்டுத் தன் அம்மாவிடம் எதையோ காட்டினான். அதை வந்து சொன்னதும் அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

விலை கேட்டேன். 120 யூரோ! அன்றைய கணக்கில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பவுன் ஏறக்குறைய 24 ஆயிரம் விற்ற சமயம். பஞ்சர் ட்யூபுக்கா இந்த விலை என்று மனசுக்குள் தபால் ஆபீஸ்காரி கணக்குப் போட்டாள். மூன்று நாள் வேலையாம் ஒரு ப்ரூச்சுக்கு. மகள் பர்சை எடுத்தாள். "நீ சும்மா இரு. இதை நான்தான் வாங்கணும்" என்று என் பென்ஷன் பணத்திலிருந்து கொடுத்தேன்.

ஊர் திரும்பி மூன்றாவது மாதம், கும்பகோணத்தில் நாத்தனார் பேத்திக்குக் கல்யாணம். பட்டுப்புடவைத் தலைப்பில் ஊக்குக்குப் பதிலாக அந்த ப்ரூச்சைக் குத்திக்கொண்டு போனேன். மண்டபமே என் தோளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. "வெளிநாட்டுச் சாமானா?" என்று கேட்டவர்கள் உண்டு, கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு.

மாமியாருக்கு அப்போது 84 வயசு. அவர்கள் நகையைக் கழற்றி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"என்னடி இது, டயரா?"

"சைக்கிள் ட்யூப், அத்தை."

"யாரு போட்டு விட்டா?"

"நானேதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. அப்புறம், "கழட்டிக் குடு, பார்க்கிறேன்" என்று கையை நீட்டினார்கள். உள்ளங்கையில் வைத்து வால்வைத் திருகிப் பார்த்தார்கள், இதழைத் தடவிப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் கெட்டி மேளம் வாசித்து முடிக்கும் வரை திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நான் குனிந்து கேட்டேன்: "அத்தை, உங்களுக்குக் குத்தி விடட்டுமா?"

"போடி, இந்த வயசுல எனக்கெதுக்கு?" என்றார்கள். ஆனால் உடனே, "நாற்பது வருஷத்துல இப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை" என்றும் சொன்னார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர்களைக் கைப்பிடித்து உட்கார வைத்தபோது பார்த்தேன். தோளில் இல்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் கறுப்பாக ஒரு பூ. யாரும் பார்க்காத நேரத்தில் தானே குத்திக்கொண்டிருந்தார்கள், என்னை மாதிரியே கொஞ்சம் கோணலாக.

நான் திருப்பிக் கேட்கவில்லை.