புது டயரும் குற்றாலச் சாரலும்

"புது டயர் போட்டாச்சு மக்கா, இனிமே எவ்வளவு வேணாலும் சாய்க்கலாம்!" இதை நீங்களும் கேட்டிருப்பீங்க, சொல்லியும் இருப்பீங்க. ஆனா ஒரு டயர் அதிகமா வழுக்குற நாட்கள்ல ஒண்ணு, அது கடையை விட்டு வெளிய வர்ற முதல் நாள்.

ஒரு புது டயரை விரலால தடவிப் பாருங்க. அச்சுக்குள்ள வெந்து வந்த ரப்பர், அச்சோட வழவழப்பை அப்படியே வாங்கியிருக்கும். ரப்பர் வெடிக்காம இருக்கச் சேர்க்குற மெழுகு மேல வந்து படியும். அச்சுல ஒட்டாம இருக்கத் தடவுன பொருளோட மிச்சமும் இருக்கலாம். இந்த மேல்தோல் தேய்ஞ்சு சொரசொரப்பானாதான் ரோட்டைப் பிடிக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

இன்னொண்ணும் இருக்கு. நேர் ரோட்டுலயே ஓடி ஓடி பழைய டயரோட நடுப்பகுதி தட்டையாகியிருக்கும். புதுசு நல்ல உருண்டை. அதனால வளைவுல வண்டி நீங்க பழகுனதைவிடச் சட்டுனு சாயும். கிரிப் இல்லாத அன்னைக்குன்னு பார்த்து வண்டிக்குச் சாய ஆசை வருது!

எங்க காலேஜ் ஃபார்முலா டீம்ல நான் டயர் பக்கம். ஃபார்முலா பாரத் போட்டி நடக்குற கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்ல, புது டயரை எடுத்த எடுப்புல யாரும் விரட்ட மாட்டாங்க. முதல் லேப் மெதுவா, அடுத்தது கொஞ்சம் வேகமா, இப்படிப் படிப்படியா சூடேத்துவாங்க. கடைசி லேப்தான் முழு வேகம். உடனே கழட்டி வச்சு, குறைஞ்சது 24 மணி நேரம் தொடவே கூடாது. இதுக்குப் பேர் ஹீட் சைக்கிள். ரப்பரோட நீளமான மூலக்கூறுகளைக் கந்தகம் கோத்து வச்சிருக்குன்னு கெமிஸ்ட்ரியில படிச்சோமே, அந்தக் கோப்புல சிலது பலவீனமானது. முதல் சூட்டுல அதுங்க அறுந்து, ஆறும்போது ஒரே சீரா திரும்பக் கூடும். அப்புறம் டயர் ஒரே மாதிரி பிடிக்கும், நாளும் உழைக்கும். எனக்கு இதுல பிடிச்சதே அந்த 24 மணி நேரம்தான். வேகத்துக்குன்னே செஞ்ச பொருளுக்கு முதல்ல வேண்டியது ஓய்வு.

சரி, தென்காசிக்கு வருவோம். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சதும், சித்தி மகன் வண்டிக்கு சாஃப்ட் காம்பவுண்ட் டயர் ரெண்டு போட்டான். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு. ஞாயித்துக்கிழமை செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறி, தென்மலை வரைக்கும் போகணும்னு பிளான். அதுக்கு முந்தின நாள் சித்தியைப் பின்னால உக்கார வச்சு ஐந்தருவிக்கு. சித்தி ஒருபக்கமா உக்காந்து, மடியில எண்ணெய்ப் பாட்டிலும் துணிப்பையும் வச்சுக்கிற ஆளு. அதைக் கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. டிராக் டயர் 80 டிகிரிக்கு மேல சூடாகித்தான் ஒழுங்கா பிடிக்கும். இவன் டயர் ரோட்டு டயர்தான், அவ்வளவு சூடு வேண்டாம். ஆனா சாரல்ல நனைஞ்ச ரோட்டுல சூடுன்னு ஒண்ணு ஏறவே ஏறாதே.

நான் சொன்னா கேப்பானா? "உன் கார் டயரும் என் பைக் டயரும் ஒண்ணாலே?"ன்னு கேட்டான். பெட்ரோல் ஊத்தித் துடைச்சாப் போதும்னு ஒரு பிரண்டு சொல்லியிருக்கான். தயவுசெஞ்சு நீங்க அதைச் செய்யாதீங்க, ரப்பர்தான் கெடும். டயர் பாலிஷும் ரோட்டைத் தொடுற இடத்துல படவே கூடாது.

கடைசியில எனக்குக் கைகொடுத்தது கடைக்கார அண்ணாச்சி. "தம்பி, புதுச் செருப்பு போட்டுட்டு அருவிப் பாறையில ஓடுவியாடே? ஒரு வாரம் பதமா ஓட்டு"ன்னு ரெண்டே வாக்கியம். ஹீட் சைக்கிள் பத்தி நான் அரை மணி நேரம் பேசினது வேஸ்ட்.

எங்க ஊர்ல ஒரு வசதி, குற்றாலம் நனையும்போதும் கிழக்கே பல நாள் காய்ஞ்சுதான் கிடக்கும். தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம்னு வெயில் ஏறினப்புறம் சுத்தினோம். வழியில சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்திக்கு போட்டோ எடுக்க நின்ன கூட்டத்துக்கு வழிவிட்டு, பிரேக்கை மென்மையா பிடிச்சு, தினம் கொஞ்சம் கொஞ்சமா கூடுதலா சாய்ச்சு ஓட்டினான். அஞ்சாம் நாள் 160 கிலோமீட்டர் தாண்டிருச்சு. தென்மலை ஒரு வாரம் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான்.

டயர் ஓரத்துல மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் பளபளப்பு இருக்கு. அதையும் தேய்க்கணும்னா இன்னும் சாய்க்கணும்னான். நான் பின்னால உக்காரும்போது அது அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க சித்தி.