கேடி வேலையும் மூன்று நிமிடமும்

சிங்கப்பெருமாள் கோவிலில் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "கோல்ஃப் கிளப்புல கேடி" என்றார் அவர். வீடே அமைதியாகிவிட்டது. ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்கு அதுதான் பெயர் என்று புரியவைத்த பிறகுதான் காபி வந்தது.

பெண் எடுத்த ஊரிலேயே குடியேறி, தினமும் விடியற்காலை மின்சார ரயிலில் நகரத்துக்குப் போனார். பை சுமப்பது பாதி வேலைதான். அடித்த பந்து எங்கே விழுந்தது என்று கண் வைத்திருப்பது மீதி. பந்தைத் தேட ஐந்து நிமிடம் உண்டு. கிடைக்காவிட்டால் ஒரு அடி அபராதம். அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் வேறு பந்தால் ஆட வேண்டும். 1744-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதிய 13 விதிகளிலேயே இந்தத் தண்டனை இருக்கிறது. இடையில் இன்னும் கடுமையாகவும் இருந்தது. 1899 விதிப்படி, இருவர் மோதும் ஆட்டத்தில் பந்து தொலைந்தால் அந்தக் குழியே எதிராளிக்கு!

அவருக்கு வலித்தது வேறொரு விதி. தேடும்போது கேடியின் கால் பட்டுப் பந்து நகர்ந்தாலும் அபராதம் ஆட்டக்காரருக்குத்தான். ஒரு போட்டியில், சருகுக்குள் கிடந்த பந்து அவர் செருப்பில் பட்டு உருண்டது. யாரும் பார்க்கவில்லை. அவரே சொன்னார். அந்த ஒரு அடியில்தான் கோப்பை போனது. அதன்பிறகு அந்த ஆட்டக்காரர் அவரைக் கூப்பிடவே இல்லை.

2019 ஜனவரி 1 முதல் விதி மாறியது. தேடும்போது தவறுதலாக நகர்ந்தால் அபராதமில்லை. பந்தைப் பழைய இடத்தில் வைத்தால் போதும். பந்து தொலைந்தால் திரும்பி நடக்காமல், இரண்டு அடி அபராதத்தோடு அங்கேயே பக்கத்தில் ஆட்டத்தைத் தொடரலாம் என்ற சலுகையைச் சாதாரண ஆட்டங்களுக்குக் கிளப்புகள் கொடுக்கலாம் என்றும் வந்தது. ஆனால் தேடும் நேரம் மூன்று நிமிடமாகக் குறைந்துவிட்டது. அவருக்கோ அப்போதுதான் வலது கண்ணில் புரை. கேடி தேட ஆரம்பித்தாலே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், ஆட்டக்காரர் வந்து சேரும்வரை புதர் ஓரத்திலேயே நிற்பார்.

ஊரில் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண். அர்ச்சகர் நாமத்தை விலக்கி ஆரத்தி வெளிச்சத்தில் காட்டுவார். "உனக்கு மூணு இருக்கு. எனக்கு ரெண்டும் ஒழுங்கா தெரிஞ்சா போதும்" என்று வேண்டிக்கொண்டுதான் ஆபரேஷனுக்குப் போனார்.

திரும்பி வந்த முதல் நாளே பந்து புதருக்குள் போனது. ஒன்றரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். குனிந்து பார்த்தால் ஆட்டக்காரர் போட்டிருந்த சிவப்புப் புள்ளி அதில் இல்லை.

"சார், இது வேற யாரோ தொலைச்சது" என்றார்.

மீதி நேரமும் ஓடிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடித்த இடத்துக்குத் திரும்பி நடந்தார்.