பிள்ளைகள் எழுதிவைத்த அயர்லாந்து

அயர்லாந்துக் கதை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பச்சைச் சட்டை போட்ட லெப்ரிகான் குள்ளனும் அவன் ஒளித்துவைத்த தங்கப் பானையும்தான். நான் விரும்பிப் படிப்பது பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிவைத்த அயர்லாந்தை.

பழங்கதை தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், 1935-ல் அந்நாட்டு அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. ஊர்களோ ஏராளம், சேகரிக்க ஆட்கள் சிலர்தான். அதனால் 1937-ல் தொடக்கப் பள்ளிகளை நாடினார்கள். தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வருவது பிள்ளைகளின் வேலை. இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து ஏறக்குறைய 1,00,000 பிள்ளைகள் எழுதிக் குவித்துவிட்டார்கள். ஓர் அரசு செய்த நல்ல காரியங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

சிற்றன்னையின் சாபத்தால் அன்னங்களாகி 900 ஆண்டுகள் அலைந்த லீரின் பிள்ளைகள் கதை ஏற்கெனவே ஏடுகளில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்ததோ அடுப்படியிலும் தொழுவத்திலும் கிடந்த சங்கதிகள். பூனை நெருப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வானிலை கெடும். வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், மத்தைப் பிடித்து நாலு குத்தாவது குத்திவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். சும்மா போனால் வெண்ணெயும் கூடவே போய்விடும் என்று பயம். கடைந்து முடியும்வரை அடுப்பிலிருந்து ஒரு கங்குகூட வெளியே போகக் கூடாது. கடைவது கை ஓய்ந்துபோகும் வேலை. வந்தவரும் ஒரு கை கொடுக்கட்டும் என்ற நியாயத்தை அந்தப் பயத்துக்குள் காண்கிறேன். மனிதர் ஒருவர் நிழலில் ஒருவர் வாழ்கிறார்கள் என்பது ஐரிஷ்காரர்களின் பழமொழி. அதை வாயால் சொல்லிக்கொண்டே மத்தாலும் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

தனியாக நிற்கும் ஹாதார்ன் முள்மரத்தை வெட்டக் கூடாது, அது கண்ணுக்குத் தெரியாதவர்கள் கூடும் இடம் என்பதும் அந்த நோட்டுகளில் அடிக்கடி வரும். இது செத்துப்போன நம்பிக்கை அல்ல. 1999-ல் கிளேர் மாவட்டத்து லட்டூனில் சாலைப் பணிக்காக அப்படியொரு மரம் போக இருந்தது. கதைசொல்லி எடி லெனிஹன் பத்திரிகைக்கு எழுதிக் குரல்கொடுத்தார். மரம் தப்பியது.

நோட்டுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. டூகஸ் என்ற இணையதளத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். ஐரிஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதியவையே ஏராளம். வெண்ணெய் கடையும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.